கறுப்புச் சவுக்காரத்தை நாக்கில் வைத்த நாள்

போன மாதம் எங்கள் பழைய சவுக்காரத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பெண்கள் பண்டமாரானில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். சோதனை அறையில் வேலை செய்கிறவர்கள். தொழிற்சங்க ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு சவுக்காரம் கொண்டு வந்திருந்தார்கள். யாரோ வீட்டிலேயே அடுப்பில் ஏற்றாமல் செய்தது, கரி போட்டது, இப்போது இதற்குத்தான் மவுசு என்று சொல்லி உறையைப் பிரித்துக் காட்டினார்கள். மை மாதிரி கறுப்பு. வாங்கியதும் உறையை மூடித் தள்ளி வைத்தேன். பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

"ஆன்ட்டி, நீங்க சோப்ப நாக்குல வெச்சுத்தான் பாப்பீங்களாமே? நெசமாவா லா?" என்று கேட்டாள் சின்னவள். "இப்ப ஒரு சொட்டு மருந்து விட்டா போதும். காரம் மிஞ்சியிருந்தா ரோஸ் கலராயிடும்."

"முப்பது வருஷத்துல ஒரு தடவகூட நீங்க தப்பா சொன்னதில்லன்னு மேனேஜர் சொல்றாரு," என்றாள் மற்றவள்.

முப்பது வருஷத்தில் தப்பாகச் சொன்னதில்லை, அது உண்மைதான். அந்த முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் சங்கத்தின் இஷ்டம்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் நான் கிள்ளானில் பொன்னம்மா அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கணவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். அக்கா ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து, வாடகை வீட்டின் பின்கட்டில் தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் போட ஆரம்பித்திருந்தார். என் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அந்த வருஷம் கப்பல் குறைவு. பானையில் அரிசி விழுந்ததென்றால் அது அக்கா வீட்டு வேலையால்தான்.

அக்கா சத்தம் போட மாட்டார். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். கோபம் வந்தால் குழாயடிக்குப் போய் முழங்கை வரை கையைக் கழுவுவார். எனக்கு முன்னால் இருந்தவள் காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவை, நிறுக்காமலே நிறுத்தேன் என்று சொல்லிவிட்டாளாம். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு நீ வர வேண்டாம், பிள்ளை," என்றாராம். அவ்வளவுதான். இதை அவரே எனக்கு முதல் நாள் சொன்னார். அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே நிறுத்ததை இன்னொரு தடவை நிறுப்பேன்.

முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றினால் முகத்தில் வெடிக்கும். காரத்தண்ணீர் தானாகவே கொதிக்கும். ஜாடியை வெளியே தொட்டுப் பார்த்துச் சூடு பொறுக்கும் அளவுக்கு வந்த பிறகு நூல் பிடித்தது போல் எண்ணெயில் விட்டு, மரத்துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். துடுப்பைத் தூக்கினால் சொட்டுகிற கலவை மேலே ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோடு விழுந்துவிட்டால் எண்ணெயும் காரமும் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். பெட்டியில் ஊற்றிச் சாக்கைப் போட்டு மூடிவிடலாம். மறுநாள் கம்பியால் அறுத்து, ஒரு மாதம் பரணில் உலர்த்தி, விற்கப் பெட்டியில் அடுக்கும் முன் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வேண்டும். காரம் மிஞ்சியிருந்தால் சுரீர் என்று கடிக்கும். கடித்தால் அது விற்பனைக்கு இல்லை.

கறுப்புச் சவுக்காரம் கேட்டு வந்தவர்கள் முதலில் ரயில் பட்டறைக்காரர்கள். மசகு பிடித்த கையால் தொட்டாலும் அழுக்குத் தெரியாது என்று அவர்களுக்குப் பிடித்திருந்தது. பிறகு கரிச் சவுக்காரம் போட்டால் சொறி சிரங்கு ஆறும் என்று தோட்டங்களில் பேச்சுக் கிளம்பியது. அது ஆறுமோ ஆறாதோ, எங்களுக்கு வேலை வந்தது.

கறுப்பு ஏற்றுவதில் அக்கா காட்டிய கண்டிப்பு வேறு எதிலும் இல்லை. சிரட்டையை மூடிச் சுட்ட கரி மட்டும்தான். அதைச் சாம்பல் போகும்வரை ஏழெட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும், சாம்பல் நின்றால் அதுவும் ஒரு காரம். உலர்த்தி, அம்மியில் அரைத்து, மல்துணியில் சலித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சாந்தாகக் குழைக்க வேண்டும். அப்படியே தூளாகப் போட்டால் கட்டி தட்டும். ஒரு பெட்டிக்கு ஒரு அகப்பைக்கு மேல் போனால் நுரை சாம்பல் நிறமாகி வெள்ளைத் துணியைப் பாழாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்புக் கடைசியில்தான் போக வேண்டும்.

"வெள்ளையிலை கோடு விழுந்தாப் பிறகுதான் கரி," என்றார் அக்கா. "கறுப்பானாப் பிறகு உனக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்குப் பிழை இருந்தாலும் மூடிப்போடும்."

அது மழைக்காலம். கேரி தீவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஆள் அனுப்பி ஒரு பெட்டி கறுப்புச் சவுக்காரம், நாற்பது கட்டி, கேட்டிருந்தார். ஆயாக் கொட்டகையில் குழந்தைகளுக்குச் சிரங்கு பரவியிருந்ததாம். பெற்றவர்கள் பால் மரம் சீவப் போனதும் கைக்குழந்தைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்கிற கொட்டகை அது. எங்கள் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கழுவிய கரியை முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப் போட்டிருந்தேன். எனக்கு அப்போது வயிற்றில் மூத்தவன், மூன்று மாசம். தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்ச் சற்றுச் சாய்ந்தேன். கண் விழித்தபோது மழை கொட்டி முடித்திருந்தது. சாக்கு மட்டும் கிடந்தது. கரி கறுப்பு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகளோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். வருவதற்குள் பெட்டியை ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது யோசித்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு எனக்குக் குழாய்ச் சத்தம்தான் காதில் கேட்டது.

நாங்கள் காரம் வாங்கும் சீனர் கடைக்கு ஓடினேன். கறுப்புத் தூள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு சாக்கைத் திறந்து காட்டினார். சர்க்கரை வெளுக்க வைத்திருப்பதாம். நான் பார்த்ததிலேயே நல்ல கறுப்பு. பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்த பிறகு, "ஆராங் தூலாங்," என்றார். எலும்புக் கரி என்று அர்த்தம்.

"என்ன எலும்பு?" என்று மலாயில் கேட்டேன்.

"லெம்பு லா," என்றார் அவர், இது ஒரு கேள்வியா என்பது போல. லெம்பு என்றால் மாடு.

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா வீட்டில் முட்டை கூட உள்ளே வராது. சாமி அறையைத் தாண்டித்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும். நான் பொட்டலத்தைச் சேலை மடியில் ஒளித்துக்கொண்டு சுவரோரமாகப் போனேன்.

மழைக் குளிரில் கலவை இறுகவே இல்லை. கிண்டிக் கிண்டித் தோள் விட்டுப்போயிற்று. அந்தத் தூளைக் குழைக்கக் கூட மனசு வரவில்லை, கையில் படக்கூடாது. கோடு விழுவதற்கு முன்பே அகப்பையால் அள்ளி அப்படியே தூவினேன். இரண்டு சுற்றுக் கிண்டுவதற்குள் கலவை தடித்துவிட்டது. துடுப்பைத் தூக்கினேன், கோடு நின்றது. அப்பாடா என்று பெட்டியில் ஊற்றினேன். தூள் குடித்துத் தடித்த தடிப்பு அது. காரமும் எண்ணெயும் ஒன்றாகித் தடிக்கவில்லை. வெள்ளையாக இருந்திருந்தால் எண்ணெய் தனியாக மினுங்குவது கண்ணில் பட்டிருக்கும். கறுப்பில் எல்லாமே மினுங்கியது. பிரிந்த காரத்தண்ணீர் மெல்ல மெல்லப் பெட்டியின் அடியில் இறங்கியதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

பெட்டி மேல்வரிசை இருபது, கீழ்வரிசை இருபதாக அறுபட்டது. பரணில் இருக்கும்போது கட்டிகளின் மேல் வெள்ளை பூத்தது. கறுப்புச் சவுக்காரத்தில் அது எப்போதும் லேசாகப் பூக்கும், ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். இந்தத் தடவை சிலவற்றில் மாவு மாதிரி அப்பியிருந்தது. அதையும் துடைத்தேன். விரல் நுனி எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

அடுக்கும் நாள் வந்தபோது கந்த சஷ்டி. அக்கா ஆறு நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பார், வேறு எதையும் நாக்கில் வைக்க மாட்டார். "இந்த முறை நீ பார், அஞ்சலை," என்று என்னிடம் விட்டுவிட்டார். அதுவரை ஒரு தடவைகூட அந்த வேலையை யாரிடமும் கொடுத்ததில்லை.

ஒரு கட்டியை எடுத்து வாய் வரை கொண்டுபோனேன். மாட்டெலும்பு என்ற நினைப்பு வந்ததும் குடலைப் புரட்டியது. மசக்கை வேறு. கீழே வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன், அதையும் வைத்தேன்.

"நாக்கிலை வச்சுப் பாத்தனியோ?" என்று சாமி அறையிலிருந்தே அக்கா கேட்டார்.

"பாத்துட்டேங்கா. சரியா இருக்கு."

தோட்டத்து லோரி அன்று மத்தியானமே பெட்டியைப் படகுத்துறைக்கு ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் விடிந்ததும் என் புருஷன் வேலைக்குக் கிளம்பக் கை கழுவினார். அறுக்கும்போது உடைந்த ஒரு கறுப்புத் துண்டு வீட்டில் கிடந்தது, அதைத்தான் எடுத்திருக்கிறார். "என்னாடி சவுக்காரம் இது, கையக் கடிக்குது!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் சிவந்து வழுவழுத்தது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தத் துண்டை எடுத்து, எலும்பும் கிலும்பும் மறந்து, நாக்கில் வைத்தேன். தீயைத் தொட்ட மாதிரி இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேரி தீவு நினைவுக்கு வந்தது. ஆயாக் கொட்டகையில் காலை எட்டு மணிக்குக் குழந்தைகளைக் குளிப்பாட்ட ஆரம்பிப்பார்கள். நான் பிறந்த தோட்டத்தில் அப்படித்தான். சிரங்குப் புண் உள்ள தோல். வாய் பேசத் தெரியாத பிள்ளைகள். அழுதால் குளிருக்கு அழுகிறது என்று இன்னும் தேய்ப்பார்கள்.

அக்கா வீட்டுக்கு ஓடி, "சவுக்காரம் கடிக்குதுக்கா," என்றேன். எலும்பைச் சொல்லவில்லை. நாக்கில் வைக்காததையும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அக்கா குழாயடிக்குப் போகவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா. கதைக்க நேரமில்லை," என்று படியிறங்கிவிட்டார்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிறகு ஆற்றைக் கடக்க வேண்டும். நீர் வற்றியிருந்ததால் படகு கரைக்கு வரவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தோம். பசியோடு இருந்த அக்கா இரண்டு தடவை சறுக்கினார், என் கையைப் பிடித்துக்கொண்டார். படகில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்பிடிக் கலந்தனி?"

"எப்பவும் போலத்தாங்கா."

அவர் தலையாட்டினார். அக்கரை வரும்வரை நான் குழந்தைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஒன்று, எட்டேகாலுக்கு நாலு, எட்டரைக்குப் பத்து. முருகா, ஆயாவுக்கு இன்று காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இன்னொருத்திக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டுகிற அளவுக்குப் போய்விட்டது என் நிலைமை.

கொட்டகைக்கு நூறு அடி முன்பே அழுகைச் சத்தம் கேட்டது. நான் நின்றுவிட்டேன். அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

ஒரே ஒரு குழந்தைதான். ஏழு மாசப் பெண் குழந்தை. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. தேய்த்ததும் சிவப்பதைப் பார்த்த ஆயா பயந்து, குழந்தையை அப்படியே தொட்டியோரம் தூக்கிப் போய்ப் பானை பானையாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளைத் தொடவில்லை. அந்தத் தண்ணீர்தான் குழந்தையைக் காப்பாற்றியது. ஆனால் டிரஸர் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டு சவுக்காரத்து மேல பழி போடுறா. நானே காலையில இதுலதான் கை கழுவுனேன், ஒண்ணும் ஆகல. தோட்டத்துத் தொரைக்கு எழுதியாச்சு. இன்னிக்கே லயத்து வீட்ட காலி பண்ணணும்."

ஆயாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லாதவள். "சாமி சத்தியமா பச்சத்தண்ணிதாம்மா ஊத்துனேன்," என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரஸர் கழுவியது மேல்வரிசைக் கட்டி. அவள் எடுத்தது கீழ்வரிசை. கலந்து அடுக்கியது நான்.

அக்கா டிரஸர் முன்னால் போய் நின்றார். "பிழை என்ரை. நான்தான் பாத்து அனுப்பினனான். பெட்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. ஒவ்வொண்டா நாக்கிலை வச்சுக் காட்டுறன்."

பெட்டி வந்தது. ஆயா தேய்த்த கட்டியும் கழுவி அதிலேயே போட்டிருந்தது, எது என்று தெரியவில்லை. அக்கா குனிந்து முதல் கட்டியை எடுத்தார். அவருக்கு விரதத்தின் ஐந்தாம் நாள். நெற்றியில் விபூதி சேற்றுத் தண்ணீரில் பாதி அழிந்திருந்தது. கட்டி வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

நான் பாய்ந்து பிடுங்கினேன். "வேணாங்கா! நீங்க வெக்கக் கூடாது! விரதம்!" என்று கத்தினேன். நான் அக்காவிடம் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் என்னையே பார்த்தார். அதற்குள் கட்டி என் நாக்கில் இருந்தது.

முதல் கட்டி கடிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளித்தேன். ஐந்து, ஆறு. டிரஸர் கைகளைக் கட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தார். ஏழும் சரியாக இருந்தது. ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். என் தப்பு இப்போது வெளியே வராவிட்டால் அவள் தெருவில் நிற்பாள். எட்டாவது கட்டி சுரீர் என்று பிடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதை டிரஸரிடம் நீட்டி, "நீங்களே வெச்சுப் பாருங்க," என்றேன். அவர் நாக்கில் வைக்கவில்லை, புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். உடனே தொட்டிக்கு ஓடினார். துரைக்கு எழுதிய காகிதத்தை அவரே கிழித்துப் போட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. எங்கே நான் விட்டால் அக்கா எடுத்துவிடுவாரோ என்று மிச்சம் முப்பத்திரண்டையும் நானே பார்த்தேன். பார்த்து முடித்தபோது நாக்கு நுனி வெந்து, வாயில் ரத்தம் கசிந்தது. அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எனக்காக ஏன் பிள்ளை உன்னை இப்பிடி வருத்தினனி?" என்றார். நான் அழுதேன். அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்.

மிச்ச எலும்புக் கரியை அன்று சாயங்காலம் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டினேன். அந்தக் குழந்தைக்குப் புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது என்று பிறகு ஆயா சொல்லி அனுப்பினாள். எனக்குப் பிள்ளை பிறந்தபோது ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. முதுகைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

அக்கா அதற்குப் பிறகு தொழில் முடியும்வரை சோதனை வேலையை என்னிடமே விட்டார். ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு பெரிய தொழிற்சாலை ஆள் எடுத்தபோது என் கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். அதில் இருந்தது ஒரே வரி: இவள் பார்த்துச் சரி என்றால் சரி. அந்த ஒரு வரியில்தான் முப்பது வருஷம் நான் சோறு தின்றேன். அந்த முப்பது வருஷமும் ஒரு கட்டியைக்கூட நாக்கில் வைக்காமல் விட்டதில்லை. என் நாக்கு நுனிக்கு இன்றுவரை உப்பு சரியாகத் தெரியாது. சவுக்காரக் கட்டியைச் சோதிக்க அது போதும், குழம்புக்குத்தான் போதாது என்பாள் என் மருமகள்.

அக்கா கடைசிக் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் படுக்கையாக இருந்தார். பார்க்கப் போனேன். பேரப்பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, "என்ரை விரதத்தைக் காப்பாத்தினவள் இவள்தான்," என்று காட்டினார். இத்தனை வருஷமாக யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது, பிள்ளைகள் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. அவர்கள் வெளியே போனதும், சொல்லிவிடுவோம் என்று கட்டிலருகே குனிந்தேன். அவர் ஏதோ ஆசீர்வாதம் கேட்கிறேன் என்று நினைத்து, விபூதி எடுத்து என் நெற்றியில் இட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மழையில் கரி போன அன்று எப்படிப் பயந்தேனோ, அதே பயம்தான்.

அந்தப் பெண்கள் கொண்டுவந்த கறுப்புச் சவுக்காரத்தை அவர்கள் போனதும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடிக்கவில்லை, நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் பேத்தியைக் குளிப்பாட்ட வெள்ளைச் சவுக்காரத்தைத்தான் எடுத்தேன்.